நான்கு வரிசை கவுத்துக் கண்ணி

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஏழாம் டிவிஷன் கீழ்ப்பக்கத்திலிருந்து சுருள ஆரம்பித்தது ஆடி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, ரேஷன் கடையில் பாமாயில் போட்ட அன்று, அதனால்தான் எங்களில் யாரைக் கேட்டாலும் நாள் தப்பாமல் சொல்வார்கள். கையில் பையோடு வரிசையில் நின்றிருந்த எங்கள் கண்ணெதிரே ஃபுட்பால் கிரவுண்டின் கீழ் ஓரம் தரையிலிருந்து மெல்ல எழும்பி, விடிந்ததும் பாயைச் சுருட்டுவோமே அப்படி, புல்லை உள்ளே வைத்துச் செம்மண்ணையும் வேரையும் வெளியே காட்டிக்கொண்டு, ஒரு முழம் மேட்டுப் பக்கமாகச் சுருண்டு நின்றது. வரிசையில் நின்ற ஒருவரும் இடத்தை விட்டு நகரவில்லை. பாமாயில் தீர்ந்துவிட்டால் அப்புறம் அடுத்த மாதம்தான்.

முதல் வாரத்தில் கீழ் கோல்போஸ்ட் உள்ளே போனது, பையன்கள் இரண்டு டீமும் ஒரே கோல்போஸ்ட்டில் அடிப்பதாக விதியை மாற்றிக்கொண்டார்கள். இரண்டாம் வாரத்தில் பஸ் திரும்புகிற இடம் போனது, டிரைவர் இறங்கி வந்து சுருளைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து ஐந்தாம் டிவிஷனிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டார், நாங்கள் அதுவரைக்கும் நடந்துகொண்டோம். தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் டேப்போடு வந்து, சுருளின் உயரத்தை அளந்து, நீளத்தை அளந்து, மண் அரிப்பு என்று எழுதிக்கொண்டார்; இது அரிப்பு இல்லையே சார், சுருண்டல்லவா கிடக்கிறது என்று எங்கள் கங்காணி வேலாயுதம் கேட்டதற்கு, படிவத்தில் சுருளுவதற்குக் கட்டம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சுருளின் முதுகில் நல்ல வெயில் விழும் என்று கண்டுபிடித்து நாங்கள் ஈரத்துணியை அங்கே காயப்போட்டோம், வேர்கள் நீட்டிக்கொண்டிருந்ததால் கிளிப் தேவைப்படவில்லை. எங்களுக்குப் பழக வரும். அது ஒன்றுதான் எங்களுக்கு நன்றாக வரும். எங்கள் அப்பன் ஆத்தாளைக் கண்டிச் சீமையிலிருந்து கப்பலேற்றி இந்த மலைக்கு அனுப்பியபோது அவர்கள் பழகியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஆண்கள் காரணம் தேடினார்கள். குவாரியில் வைக்கிற வெடி என்றார்கள், யூகலிப்டஸ் மரம் தண்ணீரைக் குடித்துவிட்டது என்றார்கள், போன வருஷம் மாடசாமிக்குக் கிடா வெட்டாமல் விட்டதைச் சொன்னார்கள். பெண்கள் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்குத் தெரியும்.

கொழுந்து பறித்து வந்த பிறகு நாங்கள் குல்லா பின்னுகிறவர்கள். டூரிஸ்ட் வந்து போகிற டவுன் கடைகளுக்குக் குல்லா போடுகிற ஜெயசீலன் என்கிற ஏஜென்ட் மூட்டை மூட்டையாக உல்லன் நூலும், ஆளுக்கொரு பிளாஸ்டிக் வளையமும், ஒரு கொக்கியும் கொடுத்திருந்தார். வளையத்தைச் சுற்றி முப்பத்தாறு முளை. முளையில் நூலைச் சுற்றி, ஏற்கெனவே கிடக்கிற கண்ணியைக் கொக்கியால் தூக்கிப் பின்னால் போட்டால் அது நேர்க்கண்ணி. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே போடலாம், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டே போடலாம். ஆனால் நேர்க்கண்ணியாகவே போட்ட துணி ஓரத்தில் சுருளும், அது அதன் குணம். சுருளாமல் படுக்க வேண்டுமென்றால் குல்லா ஆரம்பிக்கும்போதே அடி ஓரத்தில் நான்கு வரிசை பர்ல் போட வேண்டும் என்று ஜெயசீலன் சொல்லிக்கொடுத்திருந்தார். நாங்கள் அதைக் கவுத்துக் கண்ணி என்போம். நூலைக் கண்ணிக்குக் கீழே பிடித்து, கொக்கியை மேலிருந்து கண்ணிக்குள் இறக்கி, கீழே நூலைத் துழாவிப் பிடித்து மேலே இழுத்து, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, இறுக்கி, கொஞ்சம் அசந்தால் இரண்டும் நழுவிப் போய் மறுபடி முதலிலிருந்து. அந்த நான்கு வரிசை போடுகிற நேரத்தில் முழுக் குல்லா ஒன்று முடிந்துவிடும். எங்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி.

அதனால் அந்த நான்கு வரிசையை விட்டுவிட்டோம். முதலில் விட்டது யார் என்று கேட்டால் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், சவரியாயி என்று பேரைக்கூட எழுதிக்கொள்ளுங்கள். ஈரத்துணி ஒன்றை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் ஓரம் தட்டையாகப் படுத்துக்கொள்ளும், டூரிஸ்ட் ஊருக்குப் போய் முதல் தடவை துவைக்கிறவரைக்கும் எழுந்திருக்காது. மூன்று வருஷமாக எங்கள் டிவிஷனிலிருந்து போன எந்தக் குல்லாவுக்கும் அடி ஓரம் கிடையாது. ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளாமலே எல்லோரும் விட்டோம். எல்லோரும் விட்டது எல்லோருக்கும் தெரியும்.

தவமணி தோட்டத்து வரிசை வீடுகளில் கீழ் லைனில் கடைசி வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி முறை. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், வருஷத்தில் இரண்டு தடவை வருவான். ஒரே பெண் ரோகிணி, ஒன்பது வயது; எதைக் கேட்டாலும் "கொஞ்சந்தான் இருக்கும்மா" என்று பதில் சொல்கிற பெண். வீட்டுப்பாடம் முடிச்சியாடி என்றால் கொஞ்சந்தான் இருக்கும்மா, வாசல் பெருக்கிட்டியா என்றால் கொஞ்சந்தான் இருக்கும்மா. போய்ப் பார்த்தால் விளக்குமாறு மூலையிலேயே இருக்கும். அதைச் சொல்லிச் சொல்லி லைன் முழுக்கச் சிரிப்போம்.

சுருள் கீழ் லைனுக்கு முப்பது அடி தூரத்தில் வந்தபோது அங்கிருந்த ஆறு குடும்பமும் சட்டிபானையோடு மேலே ஏறி, கொழுந்துக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் குடிபுகுந்தது. நாளைக்கு ஒரு அடி, கூடிப்போனால் ஒன்றரை அடி. அதன் நடை எங்களுக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டோம். மறந்து விட்டதை எடுக்க ஆளாளுக்குத் தினமும் கீழே போய்வந்தார்கள். தவமணி விட்டு வந்தது குல்லாப் பை. உள்ளே முடிந்த குல்லா இருபது, நூல் கண்டு, சின்ன வளையம் ஒன்று. மறுநாள் ஜெயசீலன் வருகிறார் என்று தகவல் வந்ததும், காலை பத்து மணிக்கு அவள் மகளைக் கூப்பிட்டு, "ஓடிப் போய் அந்தப் பையை எடுத்துட்டு வந்துரு" என்றாள். பெண் ஓடினாள். அவள் கதவைத் திறந்தது எங்களுக்கு மேலிருந்து தெரிந்தது. அப்போதுதான் மழை பிடித்தது, அந்த வருஷத்தின் முதல் பெருமழை. நனைந்த உல்லன் இன்னும் அதிகமாகச் சுருளும், அதுவும் எங்களுக்குத் தெரிந்ததுதான். நாங்கள் கூப்பிட்டு வாயை மூடுவதற்குள் கீழ் லைன் முழுவதும், ஆறு வீடும், குழாயடியும், கொய்யா மரமும், ஒரே சுருட்டில் உள்ளே போனது.

ஆண்கள் மண்வெட்டியோடு ஓடினார்கள். ஒரு மடிப்பை வெட்டினால் அடியில் அடுத்த மடிப்பு வந்தது, வெட்டிய இடம் கண்ணெதிரே உருண்டு உள்ளே போனது, மூன்று மண்வெட்டியும் அதோடு போயின. நான்காவது நாள் மண்ணில் உட்கார்ந்து அழுதவர்களில் வேலாயுதமும் ஒருவர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மேல் தொட்டியிலிருந்து கீழ் லைன் குழாயடிக்குப் போகிற இரும்பு பைப் ஒன்று உண்டு, இரண்டு விரல் அகலம். தொட்டியடியில் அதைக் கழற்றிக் காதை வைத்தால் ரோகிணியின் குரல் கேட்டது. கழற்றச் சொன்னது தவமணிதான்.

"உள்ள இருட்டா இருக்கா கண்ணு?" என்று நான் கேட்டேன்.

"இல்ல பெரியம்மா. காலையில பத்து மணி மாதிரியே இருக்கு. பசிக்கவும் இல்ல. எங்க வீட்டுச் சேவல் இங்கதான் இருக்கு. அம்மா எங்க?"

தவமணி பைப்பில் வாயை வைத்து, "இங்கதான்டி இருக்கேன்" என்றாள்.

மறுநாள் ரோகிணி சொன்னாள். "அம்மா, இங்க அடி ஓரம் தெரியுது. புல்லு முடியிற எடத்துல கண்ணி கண்ணியா நிக்குது. யாருமே கவுத்துக் கண்ணி போடல." பைப்பைச் சுற்றி நின்ற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. "நான் போட்டுறவாம்மா? பையில நூல் இருக்கு. நாலு வரிசை போட்டா நிமிந்துரும்ல?"

"கொக்கி என்கிட்ட இருக்கேடி" என்றாள் தவமணி. எங்கள் பெண்கள் கொக்கியைக் கொண்டையில்தான் சொருகிக்கொள்வார்கள். அவள் கை தானாகக் கொண்டைக்குப் போனது.

"கொக்கியே வேணாம்மா. நேத்தெல்லாம் போட்டுப் பாத்தேன். கண்ணிய மொதல்ல முளையிலேருந்து கழட்டிரணும். கழட்டி விரல்ல புடிச்சுக்கணும். நூலை நம்ம பக்கமா முன்னாடி வச்சு, விரலால கண்ணிக்குள்ள தள்ளி விடணும். அந்தப் பக்கம் வந்ததை முளையில மாட்டிரணும். அவ்ளோதான். சுலபமா வருதும்மா."

நாங்கள் வீட்டுக்கு ஓடிப்போய் வளையத்தை எடுத்துப் பார்த்தோம். முப்பத்தாறு முளையையும் சுற்றி வர எனக்கு ஒரு உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இத்தனை வருஷம் கொக்கியை மேலிருந்து குத்திக் குத்தித் துழாவிக்கொண்டிருந்தோமே தவிர, கண்ணியை முதலில் கழற்றிவிடலாம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. கழற்றினால் ஓடிப்போய்விடும் என்ற பயம். ஓடவில்லை, விரலில் சமர்த்தாக நின்றது. எனக்கு அந்த வளையத்தை அடுப்பில் போடலாம் போல இருந்தது. மூன்று வருஷம் முன்னால் இது தெரிந்திருந்தால் நாங்கள் எதையும் விட்டிருக்க மாட்டோம்.

பையிலிருந்த நூல் ஒரே நாளில் தீர்ந்தது. நூல் முனையில் ஒரு தக்கையைக் கட்டி, பைப்பில் ஒரு குடம் தண்ணீர் விட்டோம், தண்ணீர் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதிலிருந்து தவமணி தொட்டியடியை விட்டு எழவில்லை. கண்டு கண்டாக நூலை முடிச்சுப் போட்டுப் பைப்புக்குள் விட்டுக்கொண்டே இருப்பாள், உள்ளே பிள்ளை இழுக்க இழுக்க அவள் விரல் வழியாக நூல் நழுவிப் போகும், சுண்டிச் சுண்டி, ஒரு கண்ணிக்கு ஒரு சுண்டல். "பிடிச்சுப் பாருக்கா" என்று ஒரு தடவை என் கையில் கொடுத்தாள். மீன் கடிக்கிற மாதிரி இருந்தது. எட்டு நாள் நாங்கள் எல்லோரும் எங்கள் பங்கு நூலைக் கொண்டுவந்து கொடுத்தோம், அந்த எட்டு நாளும் யாரும் யாரையும் திட்டவில்லை, பிள்ளைக் காம்பராவில் ஒரே அடுப்பில் சமைத்தோம், ரோகிணி நிமிர்த்திவிடுவாள் என்று சிரித்துப் பேசினோம். அந்த எட்டு நாளை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் தாங்காது.

மழை விடவில்லை. சுருள் நாளைக்கு மூன்று அடி நகர்ந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பைப்பில் ஒரு வளைவு கூடியது, ஒவ்வொரு வளைவுக்கும் ரோகிணியின் குரல் கொஞ்சம் தேய்ந்தது. கீழே பஸ் ரோடு போய்விட்டது, மேலே காட்டு வழி மண் சரிந்து அடைபட்டுக் கிடந்தது, ஜெயசீலன் வரவில்லை, நூலும் வரவில்லை. இருக்கிற நூல் இருக்கிறதுதான்.

ஒன்பதாம் நாள் காலை வேலாயுதம் கூட்டம் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. "மேல் லைன்ல இருவத்திரெண்டு வீடு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு" என்றார். "சுருளுக்கு மேல குறுக்கால நாலு வரிசை கவுத்துக் கண்ணி போட்டா அதோட நிக்கும்னு பொம்பளைங்க சொல்றீங்க. நிக்குமா?"

நிற்கும் என்றோம். கவுத்துக் கண்ணி வரிசையைத் தாண்டி எந்தச் சுருளும் வராது. ஆனால் அதற்குக் கீழே சுருண்டது சுருண்டபடியே நின்றுவிடும், அப்புறம் அடி ஓரத்தில் எது போட்டாலும் நிமிராது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தவமணிதான் சொன்னாள். "அப்ப எம்பொண்ணு உள்ளேயே இருந்துருவா."

"உம்பொண்ணு போட்டு முடிச்சா எல்லாமே நிமிந்துரும், எனக்குப் புரியுதும்மா" என்றார் வேலாயுதம். "எவ்வளவு போட்டிருக்கான்னு கேளு. பாதிக்கு மேல போட்டிருந்தா நூல் பூரா அவளுக்கே விட்டுருவோம். நான் சொல்றேன்."

எல்லோரும் தொட்டியடிக்குப் போனோம். தவமணி கேட்டாள். பைப்பின் அத்தனை வளைவுகளையும் தாண்டி, கொசு பாடுகிற அளவுக்கு, பதில் வந்தது.

"கொஞ்சந்தான் இருக்கும்மா."

ஒருவரும் சிரிக்கவில்லை. வேலாயுதம் தவமணியைப் பார்த்தார். "நீதான் பெத்தவ. நீ சொல்லு. நம்பலாமா?"

பொய் சொல்லத் தெரியாதவள் தவமணி. எங்களைப் போல அடி ஓரத்தை விட்டவள்தான், ஆனால் கேட்டால் ஒத்துக்கொள்கிறவள். "அவ எப்பவும் அப்படித்தாண்ணே சொல்லுவா" என்றாள்.

அன்றைக்கே ஆரம்பித்தோம். கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டைகளைச் சீவி, சுருளுக்குப் பத்தடி மேலே, இந்த ஓடையிலிருந்து அந்த ஓடைவரைக்கும் சாணுக்கு ஒரு முளையாக அடித்தோம். மண்ணைக் கீறினால் புல்வேர் கண்ணி கண்ணியாக நின்றது, அதைத் தூக்கி முளையில் மாட்டினோம். மாட்டி, கழற்றி, விரலில் பிடித்து, நூலை முன்னால் வைத்து, உள்ளே தள்ளி, மறுபடி மாட்டி, மழையில் முட்டி போட்டு வரிசையாக நகர்ந்தோம். ஆண்களும் போட்டார்கள், பள்ளிக்கூட டீச்சர் போட்டார், அவ்வளவு சுலபமாக வந்தது. கொக்கி வைத்து அந்தக் காலக் கணக்கில் போட்டிருந்தால் ஒரு மாதம் ஆகியிருக்கும், அதற்குள் சுருள் எங்களைத் தாண்டிப் போயிருக்கும். ரோகிணி சொல்லிக்கொடுத்த வேலையால்தான் நான்கே நாளில் மூன்று வரிசை முடிந்தது. அந்த நாலு நாளும் பைப்புக்குள் நூல் போகவில்லை. "அம்மா, நூல் வரலையே" என்று குரல் வரும்போதெல்லாம் தவமணி, "வருதும்மா, கொஞ்சம் பொறு" என்றாள்.

மூன்று வரிசையோடு நூல் தீர்ந்தது. வீட்டிலிருந்த ஸ்வெட்டரையெல்லாம் பிரித்துச் சேர்த்துத்தான் மூன்று. மூன்று வரிசைக்கு நிற்காது, சுருள் ஏற்கெனவே முதல் முளைகளை முட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தது. நான்காவது வரிசைக்கு இந்த மலையில் மிச்சமிருந்த உல்லன் எல்லாம் பைப்புக்கு அந்தப் பக்கம், ஒன்பது வயதுப் பெண்ணின் விரலில் இருந்தது.

அவளிடம் கேட்கச் சொல்லி யாரும் தவமணியிடம் சொல்லவில்லை. எல்லோரும் சும்மா நின்றோம். அதுவும் சொல்வதுதான்.

அவள் பைப்பில் வாயை வைத்தாள். "கண்ணு, கண்ணியையெல்லாம் விரல்லேருந்து விட்டுரு. அம்மா கொஞ்சம் நூலை எடுத்துக்கறேன். அப்புறம் நெறைய விடுறேன்."

"இப்பவாம்மா?"

"இப்பத்தான்."

"சரிம்மா. இழு."

தவமணி இழுத்தாள். முதலில் வந்தது நேர் நூல், முனையைப் பைப்போரத்தில் கட்டியிருந்ததால் உள்ளே இழுபடாமல் பைப்பில் கிடந்தது. அப்புறம் வந்தது நெளிநெளியாக, பின்னிப் பிரித்த நூலுக்கே உள்ள சுருட்டையோடு. அவள் இழுக்க நான் வாங்கி அடுத்தவளுக்குக் கொடுக்க, அங்கே நான்காவது வரிசை ஓடையோரத்திலிருந்து புறப்பட்டது. நெளிநூல் வந்துகொண்டே இருந்தது. பத்து முளை, ஐம்பது முளை, நூறு முளை. ஒவ்வொரு நெளிவும் அந்தப் பிள்ளை போட்ட ஒரு கண்ணி. இது இவ்வளவு வரக்கூடாதே என்று நினைத்தேன், வாயால் சொல்லவில்லை. மழைத் தண்ணீர் முகத்தில் வழிந்தபடி தவமணியும் ஒரே சீராக இழுத்துக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடத்தைத் தாண்டி, பிள்ளைக் காம்பராவைத் தாண்டி எங்கள் வரிசை போய், அந்தப் பக்க ஓடைக்கு இன்னும் ஐந்தே முளை பாக்கி இருக்கும்போது, பைப்பின் வாயிலிருந்து சிவப்பு நூல் துண்டு ஒன்று வெளியே வந்தது.

எங்கள் பெண்கள் ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டுவார்கள், எத்தனையாவது வரிசையோ அத்தனை முடிச்சு, எண்ணிக்கை தப்பாமல் இருக்க. தவமணி மகளுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவள் கையில் வந்த துண்டில் மூன்று முடிச்சு இருந்தது.

மூன்று வரிசை முடித்து, நான்காவது வரிசையில் ஐந்து கண்ணி மட்டும் பாக்கி வைத்து அந்தப் பிள்ளை நூலுக்குக் காத்திருந்திருக்கிறாள், நாலு நாளாக. எங்கள் வரிசையில் ஒரு கைநீளம் பிரித்து உள்ளே விட்டிருந்தால் போதும். ஒரு குழந்தைக் குல்லாவின் உச்சிக்குக்கூடப் பத்தாத நூல்.

தவமணி முடிச்சை எண்ணினாள். நான் எண்ணினேன். வேறு யாரும் பார்க்கவில்லை. கீழே இரண்டு முளை முறிந்து, யாரோ பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினார்கள், வேலாயுதம் அந்தக் கோடியிலிருந்து, "இன்னும் அஞ்சு முளைதாம்மா, இழு" என்றார்.

இப்போது திருப்பி விட்டால் பிள்ளை முழு வரிசையையும் மறுபடி போட வேண்டும், அதற்குள் எல்லாம் போய்விடும். தவமணிக்கு அது தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. அவள் சிவப்புத் துண்டை அவிழ்த்து வாயில் போட்டுக்கொண்டாள், யாரும் பார்க்காதபடிக்கு. பிறகு இழுத்தாள். மூன்றாவது வரிசையிலிருந்து ஐந்து கண்ணி பிரிந்து வந்தது, நான் கத்தரித்துக் கொடுத்தேன், மிச்சமிருந்த முனையை அவள் பைப்போரத்தில் கட்டினாள், அங்கே கடைசி முளையில் கடைசிக் கண்ணி மாட்டப்பட்டது. சுருள் நான்கு வரிசையையும் வந்து முட்டி, ஒரு மூச்சு மேலே ஏறப் பார்த்து, அப்படியே நின்றது.

"முடிஞ்சுதாம்மா?" என்று பைப்பில் கேட்டது.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த நான்கு வரிசை மழையிலும் மிதியிலும் கட்டிப்போய்க் கம்பளமாக மண்ணோடு ஒட்டிவிட்டது, மேலே புல் முளைத்துவிட்டது, பிரிக்க நினைத்தாலும் ஒரு கண்ணியின் தலைகூட அகப்படாது. தவமணி நினைத்தாள். ஒரு பகல் முழுக்க நகத்தால் தோண்டிக்கொண்டிருந்தவளை வேலாயுதம்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். திருப்பூரிலிருந்து வந்த புருஷன் மூன்று நாள் பைப்பில் மகளோடு பேசிவிட்டு, பெண்சாதியோடு ஒரு வார்த்தை பேசாமல் போனான், பிறகு வரவில்லை. டவுனுக்குப் புது வழி போட்டாயிற்று. சுருளின் முதுகில் நாங்கள் மறுபடி துணி காயப்போடுகிறோம்.

ஜெயசீலன் நூல் மூட்டையோடு வந்தார். நாங்கள் எல்லோரும் அடி ஓரத்தில் நான்கு வரிசை கவுத்துக் கண்ணி போட்ட குல்லாக்களை அவர் முன்னால் அடுக்கினோம், ஒன்றுகூட விடாமல், இஸ்திரி போடாமல். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வேணாங்க. இப்பல்லாம் ஓரம் சுருண்ட குல்லாவுக்குத்தான் கிராக்கி, அதுதான் ஃபேஷன். பழையபடியே போடுங்க" என்றார். நாங்கள் பழையபடியே போடுகிறோம்.

தவமணி மட்டும் குல்லா போடுவதில்லை. காலையில் கொழுந்துக்குப் போவதற்கு முன்னாலும், வந்த பிறகும், தொட்டியடியில் உட்கார்ந்து தன் பங்கு நூலையெல்லாம் பைப்புக்குள் விட்டுக்கொண்டிருக்கிறாள். நான் வாங்குகிறதிலும் பாதியை அவளுக்குக் கொடுத்துவிடுகிறேன். அந்தச் சிவப்புத் துண்டைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை. நூல் அவள் விரல் வழியாகச் சுண்டிச் சுண்டிப் போகிறது. உள்ளே இன்னும் காலை பத்து மணிதான்.

நேற்று நான் பக்கத்தில் இருந்தபோது குரல் வந்தது, காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கிற குரல். "அம்மா, நாப்பது வரிசை போட்டுட்டேன். இன்னும் நிமிரலையே."

"நிமிந்துரும்மா" என்றாள் தவமணி.

"இன்னும் எவ்வளவும்மா இருக்கு?"

தவமணி நூலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு பைப்பில் வாயை வைத்து, பொய் சொல்லத் தெரியாத அந்தப் பெண் சொன்னாள்.

"கொஞ்சந்தான் இருக்கு கண்ணு."